முன் ஃபோர்க்கைச் சரிசெய்வது: சீல் முதல் ஸ்பிரிங் வரை, கையைக் கடிக்காத செலவில்

பிரேக் பிடித்தால் பைக் மூக்கு குத்துகிறது, அதாவது முன்பக்கம் அளவுக்கு மீறித் தாழ்கிறது. வேகத்தடையில் இறங்கும்போது முன்பக்கம் 'டங்' என்று இடிக்கிறது. முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கும் ஃபோர்க்கின் பைப்பில் எண்ணெய் கசிந்து, அதில் தூசி ஒட்டிப் பிசுபிசுக்கிறது. இவற்றில் ஏதாவது ஒன்று தலைகாட்டியதும் பெரிய வண்டியின் ஃபோர்க்கை வாங்கி மாட்டலாமா என்று யோசிப்பவர்கள் நிறைய பேர். கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே பாகங்கள் நன்றாகவே இருக்கும். ஷோரூமை விட்டு வந்த நாளிலிருந்து மாற்றாத ஆயில்தான் கறுத்து, தண்ணீர் போல ஓடும். அலுமினியத் துகள் கலந்த சாம்பல் நிறச் சேறு அடியில் படிந்திருக்கும். அதனால் முதலில் இருப்பதைச் சரியான நிலைக்குக் கொண்டுவந்து, ஓட்டிப் பார்த்து, பிறகு மேம்படுத்துவதுதான் காசு மிச்சமாகும் வழி.

இங்கே சொல்வது டேம்பர் ராடு வகை ஃபோர்க்குக்கு. ஸ்ப்ளெண்டர், 150 சிசி பல்சர், பழைய கிளாசிக் 350 என்று நம் சாலையில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் இருப்பது இதுதான். குரோம் பைப் கீழ்ப்பக்கம் இருக்கும் தலைகீழ் ஃபோர்க்குக்கும், உள்ளே தனி வால்வுக் குழாய் உள்ள கார்ட்ரிட்ஜ் ஃபோர்க்குக்கும் இந்த முறைகள் அப்படியே பொருந்தாது.

இதன் உள்ளமைப்பு எளிது. குரோம் பூசிய பைப், பாட்டம் எனப்படும் அலுமினியக் கீழ்க்குழாய்க்குள் ஏறி இறங்குகிறது. பாட்டத்தின் அடியில் ஒரு போல்ட்டால் பிடித்த டேம்பர் ராடு நிற்கிறது. அதன் துளைகள் வழியே ஆயில் பிதுங்கிப் போகும்போது வரும் தடைதான் டேம்பிங். துளை வழியே பாயும் ஆயிலின் வேகம் இரட்டிப்பானால் தடை ஏறக்குறைய நாலு மடங்காகும். பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் மெதுவாக இறங்குவதால் தடை போதாமல் மூக்கு குத்துவதும், குழியின் விளிம்பில் சக்கரம் சட்டென்று மேலேறும்போது தடை மிஞ்சிக் கை அதிர்வதும் இதனால்தான். எந்த மாற்றம் செய்தாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பேரம் நடக்கிறது.

கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

'டக் டக்' சத்தம் ஃபோர்க்கிலிருந்துதான் வருகிறது என்று நம்பிவிடாதீர்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்பக்கம் ஒருவரை உட்காரவைத்து, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். இரண்டு பாட்டத்தையும் அடியில் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மேல் டீ (இரண்டு பைப்பையும் மேலே சேர்த்துப் பிடிக்கும் துண்டு) இருக்கும் இடத்தில் ஆட்டம் தெரிந்தால் அது கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங். பைப் பாட்டத்துக்குள் நுழையும் இடத்தில் தெரிந்தால் ஃபோர்க் தேய்மானம். ஹேண்டிலைத் திருப்பும்போது நேர் நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவது போல நின்றால், அதுவும் கோன் செட்தான். அந்த நிலையில் ஃபோர்க்கில் எவ்வளவு செலவழித்தாலும் கைப்பிடியில் மாற்றம் தெரியாது.

கசிவு இருந்தால் முதலில் தூசி சீலை மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். உள்ளே மணலும் சேறும் இருந்தால், ஆயில் சீலின் உதட்டில் ஒரு துகள் சிக்கியதால் மட்டும் கசியக்கூடும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமிலிருந்து இரண்டு விரல் அகலத் துண்டு வெட்டி, ஒரு முனையைச் சிறிய கொக்கி போலச் செதுக்குங்கள். வெட்டிய ஓரத்தை 1000 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து மழுங்கச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அதுவே சீலைக் கீறும். அதைப் பைப்போடு ஒட்டியபடி ஆயில் சீலுக்குள் விட்டு, சுற்றிலும் ஒருமுறை இழுத்து அழுக்கை வெளியே எடுங்கள். பைப்பைத் துடைத்து, பத்துப் பதினைந்து முறை அமுக்கிவிட்டு, இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். கசிவு நின்றால் செலவே இல்லை. மறுபடி வந்தால் சீல் மாற்ற வேண்டியதுதான்.

டிஸ்க் பிரேக் வண்டியில் கசிவைத் தள்ளிப்போடக் கூடாது. பாட்டத்தில் வழியும் ஆயில், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குப் போய் அதன் பிரேக் பேடில் ஊறும். ஊறிய பேடைத் துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டும். டிஸ்க்கை பிரேக் கிளீனரால் கழுவிவிட வேண்டும்.

பைப்பின் நிலைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்

புது சீல் போட்டு ஒரு மாதத்தில் மறுபடி கசிந்தால், தவறு பெரும்பாலும் பைப்பில்தான். நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். நகம் தட்டும் இடத்தில் துருப்பள்ளம் இருக்கிறது. பஞ்சால் சுற்றித் துடைத்தால் இழை சிக்கும் இடமும் அதுதான். பள்ளம் சீல் உரசும் பகுதியில் இருக்கிறதா என்பதே முக்கியம். அதைக் கண்டுபிடிக்க, கழற்றும் முன்பே பைப்பில் ஒரு கேபிள் டையை சீலை ஒட்டிக் கட்டி, வழக்கமான பாதையில் ஓட்டிவிட்டு வாருங்கள். டை எதுவரை தள்ளப்பட்டதோ அதுவரைதான் சீல் போயிருக்கிறது. இந்த டை பின்னால் ஸ்பிரிங் வேலைக்கும் உதவும், அப்படியே விட்டுவிடுங்கள்.

அந்த எல்லைக்கு மேலே உள்ள பள்ளத்தைத் துடைத்து கிரீஸ் தடவிவிட்டால் போதும். எல்லைக்குள் ஒன்றிரண்டு சிறு புள்ளிகள் மட்டும் இருந்தால், துருவைச் சுரண்டி, தின்னரால் துடைத்து, அரால்டைட் நிரப்பி, ஒரு நாள் காயவிட்டு, 1500, பிறகு 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துச் சமப்படுத்துங்கள். தேய்ப்பது பைப்பைச் சுற்றி இருக்க வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் அந்தக் கீறல்கள் வழியே ஆயில் ஏறிவரும். இது தற்காலிகம்தான், ஆனாலும் கவனமாகச் செய்தால் நன்றாகவே தாக்குப்பிடிக்கும். குரோம் செதில் செதிலாக உரிந்திருந்தால் இந்த வேலை வீண்.

வளைவைப் பார்க்க, கழற்றிய பைப்பைக் கண்ணாடி மீதோ கிரானைட் பலகை மீதோ உருட்டி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று கவனியுங்கள். சரியான அளவு வேண்டுமென்றால் லேத் பட்டறையில் வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜ் காட்டச் சொல்லுங்கள். பல சர்வீஸ் கையேடுகள் தரும் எல்லை 0.2 மி.மீ. கொஞ்சம் வளைந்ததைப் பிரஸ்ஸில் நிமிர்த்தலாம். மடிப்பு விழுந்ததை, குரோமில் விரிசல் விட்டதை நிமிர்த்தி ஓட்டுவது ஆபத்து. கோவையிலும் சென்னையிலும் பழைய குரோமை எடுத்து, ஹார்ட் குரோம் பூசி, கிரைண்டிங் செய்து தரும் இடங்கள் உண்டு. ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளுக்குப் புதுப் பைப்பே மலிவாகக் கிடைப்பதால் அது தேவையில்லை. பைப் கிடைக்காத பழைய வண்டிகளுக்குத்தான் அந்தச் செலவு நியாயம். பம்பருக்குப் போடும் பளபள குரோம் இதற்கு ஆகாது. சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய ஃபோர்க் வாங்கினால், கடையிலேயே உருட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கழற்றும் வரிசை

தேவையானவை: இரண்டு ஆயில் சீல், இரண்டு தூசி சீல், அடி போல்ட்டுக்கு இரண்டு காப்பர் வாஷர், மூடியின் ஓ-ரிங் இரண்டு, கையேடு சொல்லும் ஃபோர்க் ஆயில், அளவு குறித்த ஒரு சிரிஞ்சு, ஆலன் கீ, நடுத்தர வலுவுள்ள திரெட் லாக்கர் (போல்ட் தானாக இளகாமல் பிடிக்கும் பசை). ஒரு பக்கம் மட்டும் கசிந்தாலும் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். சீலில் மூன்று எண்கள் பொறித்திருக்கும், உதாரணமாக 31 × 43 × 10.3. உள்விட்டம், வெளிவிட்டம், உயரம். பெயர் சொல்லி வாங்குவதைவிட எண்ணை ஒப்பிட்டு வாங்குவது பாதுகாப்பு.

இன்ஜினுக்கு அடியில் கட்டையோ ஜாக்கோ கொடுத்து வண்டியை நிலையாக நிறுத்துங்கள். இப்போதே, சக்கரம் மாட்டியிருக்கும்போதே, மேல் டீயின் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, ஃபோர்க் மூடியைக் கால் சுற்று இளக்கிவிடுங்கள். மூடியை ஒரு சர்க்ளிப் (பள்ளத்தில் உட்காரும் கம்பி வளையம்) பிடித்திருக்கும் வகையென்றால் அதை இப்போது தொட வேண்டாம். பிறகு டிஸ்க் வண்டியில் காலிப்பரைக் கழற்றி, பிரேக் ஓஸில் பாரம் விழாமல் கயிற்றில் தொங்கவிட்டு, பேடுகளுக்கு நடுவே அட்டை செருகுங்கள். யாராவது தெரியாமல் லீவரை அமுக்கினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். சக்கரத்தையும் மட்கார்டையும் கழற்றிய பின், ஃபோர்க்கை இறக்காமலே பாட்டத்தின் அடியில் இருக்கும் ஆலன் போல்ட்டை இளக்குங்கள்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. ஸ்பிரிங் உள்ளே இருக்கும்வரை அது டேம்பர் ராடை அழுத்திப் பிடித்திருக்கும், போல்ட் இளகும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டால் போல்ட்டோடு ராடும் சேர்ந்து சுழலும். பட்டறைக்குப் போகாமல் வீட்டில் செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். சுழன்றுவிட்டால், ஒட்டடைக் கம்பின் நுனியைக் கூம்பாகச் சீவி, பைப்புக்குள் விட்டு, ராடின் தலையில் பலமாக அழுத்திக்கொண்டு போல்ட்டைத் திருப்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் நியூமேட்டிக் கன் வைத்திருக்கும் பஞ்சர் கடையில் ஒரு நொடி வேலை.

ஃபோர்க்கை இறக்கி மூடியைத் திறக்கும்போது முகத்தை விலக்கி, உள்ளங்கையால் துணியோடு அழுத்திப் பிடியுங்கள். ஸ்பிரிங் தள்ளும். ஆயிலைக் கவிழ்த்து, பைப்பைப் பத்து முறை ஏற்றி இறக்கி வடியவிடுங்கள். வடிந்த அளவை அளந்து குறித்துவையுங்கள். இரண்டு பக்கமும் வேறுபட்டால் கசிந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், பழைய இன்ஜின் ஆயில் வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

அடி போல்ட்டை எடுத்து, தூசி சீலையும் அதன் கீழுள்ள சர்க்ளிப்பையும் கழற்றினால், பல சிறிய வண்டிகளில் பைப் நேராக வெளியே வரும். சீல் பாட்டத்திலேயே நிற்கும். பாட்டத்தின் விளிம்பில் துணி மடித்து வைத்து, டயர் லீவரால் நெம்புங்கள். சீல் உட்காரும் சுவரில் கீறல் விழுந்தால் சீலின் வெளிப்பக்கமாகக் கசியும், அதற்கு வைத்தியம் கடினம். தனி புஷ் (பைப் உரசி ஓடும் வளையம்) இருக்கும் பெரிய ஃபோர்க்குகளில் பைப்பைப் பிடித்து நாலைந்து முறை சடாரென்று இழுத்தால் புஷ், வாஷர், சீல் எல்லாம் சேர்ந்து வரும். புஷ்ஷின் சாம்பல் பூச்சு தேய்ந்து அடியிலுள்ள செம்பு நிறம் பரவலாகத் தெரிந்தால் மாற்றுங்கள்.

ராடின் அடியில் மாட்டியிருக்கும் கூம்பு வடிவத் துண்டு பாட்டத்துக்குள்ளேயே தங்கிவிடும். அது ஃபோர்க் முழுவதும் அமுங்கும்போது இடிக்காமல் காக்கும் ஆயில் லாக். கழுவும்போது கீழே விழுந்து தொலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் மாட்டப்பட்ட ஃபோர்க்குகள் ஊரில் நிறைய உண்டு. எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் அல்லது டீசலில் கழுவி, நன்றாக உலர்த்தி, கடைசியில் கொஞ்சம் புது ஃபோர்க் ஆயில் ஊற்றி அலசிவிடுங்கள்.

பூட்டுவது

ராடு, அதன் சிறிய ரீபவுண்ட் ஸ்பிரிங், ஆயில் லாக் துண்டு, பிறகு பாட்டம். அடி போல்ட்டில் புது காப்பர் வாஷரும் ஒரு துளி லாக்கரும் இட்டு முறுக்குங்கள். 8 மி.மீ. போல்ட்டுக்குப் பல கையேடுகளில் 20 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். உங்கள் வண்டிக்கு என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். கை பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

பைப்பின் மேல் விளிம்பு கத்தி போல இருக்கும். அதன்மேல் பிளாஸ்டிக் பை ஒன்றை மாட்டி, ஆயில் தடவி, அதன்மேல் சீலை இறக்குங்கள். புது சீலைப் போடும்போதே கிழிப்பது இந்த விளிம்புதான். சீலின் சுருள் கம்பி இருக்கும் பக்கம் ஆயிலை நோக்கிக் கீழே, எண் பொறித்த பக்கம் மேலே. அடித்து இறக்க பி.வி.சி. பைப் போதும்: 31 மி.மீ. ஃபோர்க்கில் 43 மி.மீ. சீல் என்றால் 40 மி.மீ. பைப், 41 மி.மீ. ஃபோர்க்கில் 54 மி.மீ. சீல் என்றால் 50 மி.மீ. பைப் உள்ளே சரியாகப் போகும். பழைய சீலைப் புதியதன் மேல் வைத்து அதன்மேல் அடித்தால் உதடு அடிபடாது. சர்க்ளிப் பள்ளம் சுற்றிலும் முழுதாகத் தெரியும்வரை இறக்குங்கள். பாதி தெரிந்தால் சீல் சாய்ந்திருக்கிறது.

ஆயில் ஊற்றும்போது 'இவ்வளவு மில்லி' என்பதைவிட மட்டத்தை அளப்பது துல்லியம். கழுவி உலர்த்திய ஃபோர்க்குக்கும் வடியவிட்ட ஃபோர்க்குக்கும் சில மில்லி வித்தியாசம் வரும், இரண்டு பக்கமும் சமமாக இருப்பதுதான் முக்கியம். ஸ்பிரிங் இல்லாமல், பைப்பை முழுதாக அமுக்கி, செங்குத்தாக நிறுத்தி, குமிழி நிற்கும்வரை மெதுவாக ஏற்றி இறக்கி, பத்து நிமிடம் விட்டு, பைப்பின் மேல்முனையிலிருந்து ஆயில் வரை அளக்க வேண்டும். சிரிஞ்சில் மெல்லிய குழாயைச் செருகி, கையேடு சொல்லும் ஆழத்தில் அடையாளம் வைத்து, மிகுதியை உறிஞ்சி எடுத்தால் இரண்டும் ஒரே மட்டம் ஆகிவிடும். 26 மி.மீ. உள்விட்டமுள்ள பைப்பில் 10 மி.மீ. மட்ட வித்தியாசம் என்பது 5 மில்லிதான். சாலையோரத்தில் கண்ணளவில் ஊற்றுவது ஏன் சரிவராது என்பது இதில் தெரியும்.

ஸ்பிரிங்கையும் மூடியையும் போட்டு வண்டியில் மாட்டியபின், ஆக்ஸிலை முறுக்கி, அதன் பிடிப்பு போல்ட்டை மட்டும் இளக்கமாக விட்டு, பிரேக் பிடித்து ஃபோர்க்கை ஐந்தாறு முறை அமுக்குங்கள். இரண்டு கால்களும் தாமே இணையாக அமர்ந்துகொள்ளும். அதன்பிறகு பிடிப்பு போல்ட், மட்கார்டு போல்ட். இதைச் செய்யாமல் முறுக்கினால் பைப் பாட்டத்தில் குறுக்காக உரசி, ஃபோர்க் விறைப்பாகவே இருக்கும். ஓட்டக் கிளம்பும் முன், பேடு டிஸ்க்கோடு சேரும்வரை பிரேக் லீவரைப் பலமுறை அமுக்குங்கள். முதல் அமுக்கில் பிரேக் இருக்காது.

இனி மேம்படுத்தல்

முதலில் சேக், அதாவது உங்கள் எடையில் ஃபோர்க் தாழும் அளவு, அளக்க வேண்டும். சக்கரம் தரையில் படாதபோது சீலிலிருந்து டீ வரை தெரியும் பைப்பின் நீளம் ஒன்று. நீங்கள் உட்கார்ந்தபின் அதே நீளம் இன்னொன்று. இரண்டின் வித்தியாசம், ஃபோர்க்கின் மொத்தப் பயணத்தில் (அது ஏறி இறங்கக்கூடிய தூரத்தில்) கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். 130 மி.மீ. பயணமுள்ள பழைய கிளாசிக் 350-க்கு அது 33 முதல் 43 மி.மீ. உரசல் காரணமாக அளவு மாறும் என்பதால், வண்டியை அமுக்கி மெல்ல விட்டு ஒருமுறை, தூக்கி மெல்ல விட்டு ஒருமுறை அளந்து சராசரி எடுங்கள்.

அதிகமாக அமர்ந்தால், ஸ்பிரிங்குக்கும் மூடிக்கும் நடுவே ஸ்பேசர் வையுங்கள். ஸ்பிரிங்கின் வெளிவிட்டத்துக்கு ஒத்த கெட்டியான பி.வி.சி. பைப்பில் 10 மி.மீ. துண்டு, இரு முனையும் நேராக வெட்டி, ஸ்பிரிங் பக்கம் ஒரு ஸ்டீல் வாஷர். 20 மி.மீ.க்கு மேல் தேவைப்பட்டால் ஸ்பிரிங்கே மென்மையாகிவிட்டது அல்லது உங்கள் எடைக்குப் போதவில்லை என்று பொருள். ஸ்பேசர் வைத்தால் வண்டி உயரும், ஆனால் ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது. பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

விறைப்பை மாற்ற மலிவான வழி, ஸ்பிரிங்கின் சில சுற்றுகளை வெட்டி, குறைந்த நீளத்தை ஸ்பேசரால் ஈடுகட்டுவது. விறைப்பு சுற்றுகளின் எண்ணிக்கைக்குத் தலைகீழ் விகிதம். 4 மி.மீ. கம்பி, 20 மி.மீ. நடுவிட்டம், 50 சுற்று உள்ள ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 6.3 நியூட்டன் தரும். ஐந்து சுற்றைக் குறைத்தால் 7. இது நல்ல மாற்றம். இதற்கு மேல் ஒரேயடியாகப் போகாதீர்கள்.

வெட்டும் முன் ஒரு கணக்கு கட்டாயம். அந்த ஸ்பிரிங்கின் நீளம் 420 மி.மீ. என்றால், 45 சுற்றுக்கு நீளம் 378 மி.மீ. முழுதாக நெருங்கினால் 45 × 4 = 180 மி.மீ. ஆக 198 மி.மீ. அமுங்க முடியும். பயணம் 130, முன் அழுத்தம் (மூடி போடும்போதே ஸ்பிரிங் அமுங்கும் அளவு) 20 என்றால் 150 போதும், இடமிருக்கிறது. இந்தக் கணக்கு உதைத்தால், ஃபோர்க் அடியைத் தொடும் முன் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டி மூடியையோ ராடையோ உடைக்கும். கிரைண்டரில் மெல்லிய டிஸ்க் போட்டு, தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்டுங்கள். கேஸ் வெல்டிங்கால் வெட்டினால் சூட்டில் கம்பியின் பதம் போய்விடும். வெட்டிய முனையைத் தேய்த்துச் சமமாக்கி, ஸ்பேசர் பக்கம் வாஷரோடு வையுங்கள். இரண்டு ஸ்பிரிங்கிலும் ஒரே அளவு. ஒருபக்கச் சுற்றுகள் நெருக்கமாக இருக்கும் வகையில், நெருக்கமான பக்கத்தில் வெட்டினால் ஆரம்ப மென்மைதான் முதலில் குறையும். பிரேக்கில் மூக்கு குத்துவதற்கு அதுவே பலன் தரும்.

ஆயிலில் 10 டபிள்யூ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் 10 இன்னொன்றின் 7.5 போல இருக்கும். 40 டிகிரியில் சென்டிஸ்டோக் (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் அளவு) எவ்வளவு என்று தரவுத்தாளில் பார்த்து ஒப்பிடுங்கள். 10 டபிள்யூ வகைகள் பெரும்பாலும் 30-ஐ ஒட்டி இருக்கும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் டெக்ஸ்ரான் 3 வகை ஏ.டி.எஃப். ஆயிலும் அதே அளவில் வருவதால் மலிவான மாற்றாக உதவும். இன்ஜினுக்கு ஊற்றும் 20 டபிள்யூ 40, அதே வெப்பத்தில் 100-ஐத் தாண்டும். அதை ஊற்றினால் குழி வரிசையில் ஃபோர்க் அமுங்கி, மேலே வர நேரமில்லாமல் அடுத்த குழிக்கு இன்னும் தாழ்ந்தே நிற்கும். விறைப்பு கூடியதுபோல் தோன்றுவது உண்மையில் டயருக்குச் சாலையில் பிடிப்பு குறைவதுதான். ஸ்பிரிங் சரியான பிறகும் ஃபோர்க் மேலே வந்து ஒருமுறைக்கு மேல் ஆடினால் மட்டும் ஒரு படி கெட்டியாக்குங்கள். ஒரே கம்பெனியின் 10-ஐயும் 15-ஐயும் சமமாகக் கலந்து நடுவிலும் நிறுத்தலாம்.

கேபிள் டை கடைசிவரை போய், இடி மட்டும் நிற்கவில்லை என்றால், ஆயில் மட்டத்தை 10 மி.மீ. உயர்த்துங்கள். மேலே அடைபட்ட காற்றின் இடம் சுருங்கி, பயணத்தின் கடைசிப் பகுதியில் மட்டும் தாங்கல் கூடும். 20 மி.மீ.க்கு மேல் போனால் காற்றழுத்தம் சீலைத் தள்ளத் தொடங்கும்.

இதற்குப் பிறகும் கூர்மையான குழியில் கை அதிர்கிறது என்றால், டேம்பர் ராடின் தலையில் உட்காரும் வால்வுகள் உண்டு: ரேஸ் டெக்கின் எமுலேட்டர், தாய்லாந்து ஒய்.எஸ்.எஸ். நிறுவனத்தின் பி.டி. வால்வு. வேகமான அதிர்ச்சியில் திறந்து வழிவிடுவதும், மெதுவான அசைவில் தடை தருவதும் இவற்றின் வேலை. எமுலேட்டருக்கு ராடின் கீழ்த் துளைகளைப் பெரிதாக்க வேண்டும், அதன்பின் வால்வு இல்லாமல் அந்த ராடைப் பயன்படுத்த முடியாது. வாங்கும் முன் பைப்பின் உள்விட்டத்தை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். மெல்லிய ஃபோர்க்குள்ள 100 சிசி வண்டிக்கு இந்தச் செலவு வேண்டாம். கிளாசிக் போன்ற கனமான வண்டிக்குப் பணம் வீண் போகாது. வால்வு இல்லாமல் துளையை மட்டும் பெரிதாக்கிக் கெட்டியான ஆயில் ஊற்றும் முறை சில இடங்களில் நடக்கிறது. அது கைகொடுப்பது அரிது, ராடும் பாழாகும்.

முழு ஃபோர்க்கையே வேறு வண்டியிலிருந்து எடுத்து மாட்டினால் டீ, ஆக்ஸில், சக்கரம், காலிப்பர் என்று சங்கிலியாகச் செலவு நீளும். முன் உயரம் மாறினால் ஹேண்டில் போக்கும் மாறும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் இப்படிப்பட்ட மாற்றத்துக்குக் குறுக்கே நிற்கும்.

அந்தக் காசில் ஒரு சிறு பங்குக்கு ரப்பர் பூட் வாங்கி மாட்டுங்கள். மண்சாலையில் ஓடும் வண்டிக்குச் சீலின் ஆயுளைக் கூட்ட இதைவிட மலிவான வழி கிடையாது. பூட்டின் அடியில் நீர் வடியும் துளை இருக்க வேண்டும், அது பின்பக்கம் பார்த்திருக்கட்டும். மழைக்காலம் முடிந்ததும் கிளிப்பை இளக்கித் தூக்கி, உள்ளே தேங்கிய ஈரத்தைத் துடைத்து, பைப்பில் ஒரு சொட்டு ஃபோர்க் ஆயில் தேய்த்து மூடுங்கள். ஆயிலை 15,000 முதல் 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ஓட்டம் குறைவான வண்டிக்கு இரண்டு ஆண்டு.